வகுப்புக்குப் போனால்தான் மதிப்பெண் வருமா?

வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் முதல் மதிப்பெண் வாங்கிய ஒருவரைப் பற்றிய கதை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உலவுகிறது. அவர் எப்போதும் நமக்கு இரண்டு மூன்று ஆண்டு மூத்தவராக இருப்பார். அவரை நேரில் பார்த்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். பார்த்தவரைத் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள். ஒரு வகுப்பைக்கூட விடாமல் முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசியில் தேர்ச்சி பெறாமல் போன இன்னொருவரின் கதையும் கூடவே உலவும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் முதலாம் ஆண்டு மாணவருக்கு வருகிற சந்தேகம் நியாயமானதுதான். இந்த விரிவுரைகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா? அறையில் இருந்தே புத்தகத்தைப் படித்துவிட்டால் ஆகாதா?

இரண்டு கதைகளும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை நம் காதுக்கு வந்து சேருவதற்குக் காரணமே அவை அரிதானவை என்பதுதான். வகுப்புக்குப் போகாமல் தோற்றுப்போனவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே கதைகளை ஒதுக்கிவிட்டு, இதை அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம்.

இங்கே பேச்சு விரிவுரையைப் பற்றி மட்டும்: பெரிய அறையில் ஆசிரியர் பேச, பலர் கேட்டுக் குறிப்பெடுக்கும் வகுப்பு. ஆய்வக வகுப்பு, மருத்துவமனைப் பயிற்சி, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கணக்குப் போடும் வகுப்பு ஆகியவற்றில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே செய்து பழகுவதுதான் பாடம். வராதவர் பாடத்தையே தவறவிட்டவர்.

0.44 என்ற எண்

2010இல் மார்கஸ் கிரெடே என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும், பல்கலைக்கழக வருகையையும் மதிப்பெண்ணையும் பற்றி அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒரு பாடத்துக்கு மாணவர் எவ்வளவு தவறாமல் வந்தார் என்பதற்கும் அந்தப் பாடத்தில் அவர் எடுத்த மதிப்பெண்ணுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.44 என்று வந்தது. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த சராசரித் தரப்புள்ளியோடு (ஜிபிஏ) ஒப்பிட்டபோது 0.41.

ஒட்டுறவுக் கெழு என்பது, இரண்டு அளவுகள் எந்த அளவுக்கு ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண். ஒன்று ஏறும்போதெல்லாம் மற்றதும் அதே கணக்கில் ஏறினால் 1. இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் 0. ஒன்று ஏற மற்றது இறங்கினால் கழித்தல் குறியோடு வரும். இந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் இன்னொரு தகவல் கிடைக்கும். 0.44ஐ 0.44ஆல் பெருக்கினால் சுமார் 0.19. அதாவது, ஒரு வகுப்பு மாணவர்களுக்குள் இருக்கும் மதிப்பெண் வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வருகையோடு சேர்ந்து போகிறது. மீதி நான்கு பங்குக்கு வேறு காரணங்கள். மேலே சொன்ன இரண்டு கதாநாயகர்களும் அந்த நான்கு பங்குக்குள் தாராளமாக வாழலாம்.

ஐந்தில் ஒரு பங்குதானா என்று தோன்றும். மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளில் இது பெரிய எண். படிப்பில் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டிக் கணிக்க உதவும் மற்ற அளவுகளை, அமெரிக்கச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு, பள்ளி மதிப்பெண், படிக்கும் பழக்கங்கள் உட்பட, எல்லாவற்றையும் வருகை முந்திவிடுகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. பள்ளியில் யார் கெட்டிக்காரர் என்று கேட்பதைவிட, இப்போது வகுப்பில் யார் இருக்கிறார் என்று கேட்பது நல்ல துப்பு.

வராமல் இருப்பது இன்றைய செல்பேசித் தலைமுறையின் வியாதி என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த டேவிட் ரோமர் 1993இல் வெளியிட்ட கட்டுரையில், மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் வகுப்புகளில் தலை எண்ணிப் பார்த்து, சாதாரண நாளொன்றில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் வருவதில்லை என்று எழுதினார். அப்போது எவர் பையிலும் திறன்பேசி கிடையாது.

போகிறவர் யார்?

இத்தோடு முடிந்தது, போங்கள் என்று சொல்லிவிட்டால் அது அவசரத் தீர்ப்பு. ஒன்றாக ஏறுகின்றன என்பதாலேயே ஒன்று மற்றதை ஏற்றுகிறது என்று ஆகிவிடாது. புள்ளியியலில் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் பழக வேண்டிய எச்சரிக்கை இது. வகுப்பு வருகை அதற்குக் கச்சிதமான உதாரணம்.

ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். அலாரம் அடித்ததும் எழுகிறார், ஒப்படைப்புகளை முந்தின நாளே முடித்துவிடுகிறார், புரியாத இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார், வகுப்புக்கும் தவறாமல் போகிறார். நல்ல மதிப்பெண் வருகிறது. வந்ததற்கு வகுப்பு காரணமா, அல்லது வகுப்புக்கும் அழைத்துச் சென்று மதிப்பெண்ணையும் வாங்கித் தந்த அந்தச் சுபாவம் காரணமா? இன்னொரு மாணவர் இரவு வேலைக்குப் போகிறார். காலை வகுப்புக்கு வர முடியவில்லை, படிக்கவும் நேரமில்லை. மதிப்பெண் குறைகிறது. குறைத்தது வராமையா, வேலைச்சுமையா?

திசை தலைகீழாகவும் இருக்கலாம். முதல் மாதத்திலேயே பாடம் பிடிபடாமல் போன ஒருவர், ஒன்றும் புரியாத இடத்தில் ஒரு மணி நேரம் உட்காரப் பிடிக்காமல் நின்றுவிடுகிறார். அவர் வராததால் தோற்கவில்லை. தோற்றுக்கொண்டிருந்ததால் வராமல் போனார்.

கிரெடே குழுவே இந்தச் சந்தேகத்தை ஓரளவு பார்த்தது. அறிவுத்திறன், சுபாவம் போன்றவற்றோடு வருகைக்கு இருக்கும் தொடர்பு பலவீனமானதாகத்தான் இருந்தது. ஆக, நல்ல மாணவர்கள் வருகிறார்கள், அவ்வளவுதான் என்று சொல்லி முழுவதையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் காரணத்தைப் பிடிக்கச் சிறந்த வழி, யார் வருவது என்பதை மாணவரின் விருப்பத்துக்கு விடாமல் வேறொன்று தீர்மானிக்கும் நிலையைக் கண்டுபிடிப்பதுதான்.

கலிஃபோர்னியாவில் மூன்று பொருளாதார வல்லுநர்கள் இதைச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய பொருளியல் வகுப்புகளில் இடைத்தேர்வு நடந்தது. நடு மதிப்பெண்ணுக்கு (வகுப்பில் பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) கீழே எடுத்தவர்கள் மீதிப் பருவம் முழுவதும் கட்டாயம் வகுப்புக்கு வர வேண்டும். மேலே எடுத்தவர்கள் இஷ்டம் போல் இருக்கலாம். நடு மதிப்பெண் 60 என்று வைத்துக்கொள்வோம். 59 எடுத்தவருக்கும் 61 எடுத்தவருக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? ஒரு சிறு கேள்வியில் கை தவறியது, அவ்வளவுதான். சுபாவம், திறமை, வீட்டுச் சூழல் எதிலும் இரு தரப்பும் சராசரியில் ஒன்றே. ஆனால் ஒரு தரப்பு வகுப்பில் உட்கார வைக்கப்படுகிறது, மறுதரப்பு விடப்படுகிறது. இறுதித் தேர்வில் இந்த எல்லைக்கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்குள் வித்தியாசம் தெரிந்தால், அதை வருகையின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

தெரிந்தது. 2010இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, வருகை 10 சதவீதப் புள்ளிகள் கூடினால் இறுதித் தேர்வு மதிப்பெண் 0.17 திட்ட விலக்கம் கூடுகிறது. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. வழக்கமான மணி வடிவப் பரவல் உள்ள 100 பேர் வகுப்பில், நட்டநடுவில் இருப்பவர் 0.17 திட்ட விலக்கம் ஏறினால் ஆறேழு பேரைத் தாண்டுவார். கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தூக்கிவிடும் விஷயமல்ல. புறக்கணிக்கத் தக்கதும் அல்ல.

தைவானில் இரண்டு ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். ஒரே பாடம் இரண்டு பிரிவுகளுக்கு நடந்தது. சில பகுதிகளை ஒரு பிரிவில் நடத்தி, மற்றதில் வேண்டுமென்றே விட்டார்கள். எந்தப் பிரிவுக்கு எதை விடுவது என்பது குலுக்கல் போல முடிவானது. பிறகு தேர்வில் அந்தப் பகுதிகளிலிருந்து கேள்வி வந்தது. வகுப்பில் கேட்டவர்கள் நன்றாக எழுதினார்கள். பாவம், விடப்பட்ட பகுதியின் பிரிவு மாணவர்கள் என்று தோன்றும். ஆனால் இரு பிரிவுக்கும் மாற்றி மாற்றி நடந்ததால் கணக்கு சரியாகிவிட்டது.

பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொருளியல் மாணவர்களை வைத்து 2012இல் வந்த ஆய்வு, பொதுவான நம்பிக்கையைக் கொஞ்சம் கவிழ்த்துப் போட்டது. வராமல் இருப்பது மதிப்பெண்ணைக் குறைக்கிறது. அந்த அடி நன்றாகப் படிக்கும் மாணவர்கள் மேல்தான் கூடுதலாக விழுகிறது. "கெட்டிக்காரனுக்கு வகுப்பு எதற்கு" என்பதே வழக்கமான பேச்சு. ஆனால் வகுப்பிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்தானே, வராவிட்டால் அதிகம் இழப்பார்?

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் சாய்வதில்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில், முதலாண்டு மதிப்பெண் குறைந்தவர்களை இரண்டாம் ஆண்டு முழுவதும் கட்டாயமாக வர வைத்தார்கள். 2021இல் வந்த ஆய்வு, இந்தத் திட்டத்தால் வருகை ஏறியது, சராசரி மதிப்பெண் ஏறவில்லை என்று காட்டியது. ஒருவருடைய நேரம் அளவானது. தனக்கு உதவாத வகுப்பில் அதைச் செலவிட வைத்தால், தனக்கு உதவும் வேறொன்றிலிருந்து அது பிடுங்கப்படுகிறது. கட்டாயம் வந்தால் கற்றல் வரும் என்று நம்பும் நிர்வாகங்கள் இந்த ஒரு முடிவையாவது படித்தால் நல்லது.

பலகைக்கு முன்னால் நடப்பது

சரி, வகுப்பு உதவுகிறது என்றால் எதனால் உதவுகிறது? பாடப்பொருள் புத்தகத்தில் இருக்கிறது. அதையே ஒருவர் சத்தமாகச் சொல்வதால் என்ன கூடுகிறது? பழைய ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தோன்றிய காலத்தில் புத்தகங்கள் கையால் எழுதிப் படியெடுக்கப்பட்டன. ஆளுக்கொரு பிரதி என்பது நடவாத காரியம். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். பிறகு 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வந்தது, அந்தத் தேவை போனது. விரிவுரை போகவில்லை. வெறும் பழக்கத்தால் மட்டும் ஒரு முறை அத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்திருக்காது என்று நினைக்கிறேன், பழக்கத்தின் பங்கு பெரிது என்றாலும்.

ஒரு கணித வகுப்பை நெருங்கிப் பார்ப்போம். பகுதித் தொகையிடல் என்ற நுண்கணித முறை நடக்கிறது. எக்ஸ் என்ற மாறியை ஈ என்ற மாறிலியின் எக்ஸ் அடுக்கால் பெருக்கி, அந்தப் பெருக்கலைத் தொகையிட வேண்டும். முறை இதுதான்: இரண்டில் ஒன்றை வகையிடுவதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றதைத் தொகையிடுவதற்கு. எதை எதற்கு?

ஆசிரியர் பலகையிலிருந்து திரும்பி இதைக் கேட்கிறார். இரண்டாம் வரிசையில் ஒருவர், "ஈ அடுக்கை வகையிடலாம் மேடம், வகையிட்டாலும் அது மாறவே மாறாதே" என்கிறார். தவறு என்று ஆசிரியர் சொல்வதில்லை. சொன்னபடியே எழுதுகிறார். எக்ஸ் தொகையிடப்பட்டு, எக்ஸ் வர்க்கத்தில் பாதியாகிறது. புதிதாகத் தொகையிட வேண்டிய கோவையில் இப்போது எக்ஸ் வர்க்கம் வந்து நிற்கிறது. தொடங்கிய இடத்தைவிட மோசம். ஆசிரியர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு முறை இதையே செய்தால்?" என்கிறார். எக்ஸ் கனம் என்று யாரோ முனகுகிறார்கள். பிறகு பக்கத்தில் எக்ஸை வகையிட்டுக் காட்டுகிறார். அது 1 ஆகிவிடுகிறது, மிச்சம் தானாகவே முடிகிறது. விடை இரண்டே வரி: எக்ஸிலிருந்து ஒன்றைக் கழித்து, அதை ஈ அடுக்கால் பெருக்கினால் ஆயிற்று, கூடவே ஒரு மாறிலி.

புத்தகத்தில் அந்த இரண்டு வரி மட்டும்தான் அச்சாகியிருக்கும். முட்டுச்சந்தை யாரும் அச்சடிப்பதில்லை. வகையிட்டால் எளிதாகும் ஒன்றைத் தேடு என்ற பார்வை, முட்டுச்சந்துக்குள் போய்த் திரும்பி வந்தவருக்குத்தான் கிடைக்கிறது. தேர்வில் வேறொரு கணக்கு வரும்போது கைகொடுப்பதும் அதுவே.

வகுப்பில் கிடைக்கும் மற்றவை இவ்வளவு சுவாரசியமானவை அல்ல, ஆனால் பயனுள்ளவை. எட்டுநூறு பக்கப் புத்தகத்தில் எந்த அறுபது பக்கம் முக்கியம் என்பது ஆசிரியர் எங்கே நிற்கிறார், எங்கே வேகமாகக் கடக்கிறார் என்பதிலிருந்து தெரியும். கேள்வித்தாளை எழுதப்போகிறவரும் பெரும்பாலும் அவரே. ஒப்படைப்பின் தேதி மாறியதும் வகுப்பில்தான் முதலில் தெரியும். இவை எல்லாவற்றையும்விட, வாரத்துக்கு மூன்று முறை அந்தப் பாடத்தின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. நம்மை நம் போக்கில் விட்டால் எத்தனை பேர் வாரத்துக்கு மூன்று முறை புள்ளியியல் புத்தகத்தைத் திறப்போம்?

உட்கார்ந்திருப்பது படிப்பாகிவிடாது

முன்வரிசையில் உட்கார்ந்தும் தோற்றவரின் கதைக்கு வருவோம். அவருடைய பிரச்சினை பரவலானது, அதைத் தானே கண்டுபிடிப்பதும் கடினம். காரணம், நன்றாகப் பேசும் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருந்தால் புரிகிறது என்ற உணர்வு தாராளமாக வரும். அந்த உணர்வை நம்ப முடியாது.

2013இல் உளவியலாளர் ஷானா கார்பென்டரும் சகாக்களும் ஒரே பாடத்தை ஒரே ஆசிரியர் இரண்டு விதமாக நடத்தும் காணொளிகளைக் காட்டினார்கள். ஒன்றில் அவர் நிமிர்ந்து நின்று தடையில்லாமல் பேசினார். மற்றதில் குறிப்பைப் பார்த்துத் தடுமாறி வாசித்தார். முதலாவதைப் பார்த்தவர்கள் தாங்கள் நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள். சோதித்தபோது இரு தரப்புக்கும் நினைவில் இருந்தது ஏறக்குறைய ஒன்றே. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. தாங்களே கணக்குடன் மல்லுக்கட்டிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மல்லுக்கட்டுவது சுகமாக இருக்காது அல்லவா.

விரிவுரை என்ற வடிவத்தின் மேலேயே குற்றச்சாட்டு உண்டு. ஸ்காட் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழு 2014இல், அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தது. ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம். மாணவர்களைக் கேள்வி, விவாதம், கணக்கு என்று ஈடுபடுத்தும் வகுப்புகளில் 21.8 சதவீதம். ஆகவே "வகுப்புக்குப் போகலாமா" என்ற கேள்விக்கு, எந்த வகுப்பு என்று திருப்பிக் கேட்பதும் நியாயமே. திரையில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டுப் போகும் வகுப்பும், மேலே கண்ட கணித வகுப்பும் அட்டவணையில் ஒரே பெயரில்தான் இருக்கும்.

கேட்டதை நிலைக்க வைப்பது எது? 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு தரப்பு அதை மறுபடி படித்தது. மறுதரப்பு தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களே மேல்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. வகுப்பில் புரிந்ததை மாலையில் நோட்டை மூடிவைத்து எழுதிப் பார்க்காதவர், ஐந்தாவது நிமிட நிலவரத்தை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதற்கும் கணக்குப் போடுகிறார்.

கவனம் கலைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் நடந்து 2013இல் வெளியான சோதனையில், வகுப்பு நடக்கும்போது மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்களின் மதிப்பெண் 11 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தத் திரை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு 17 சதவீதம் குறைந்தது. செய்தவரைவிடப் பார்த்தவருக்கு நஷ்டம். இடம் பார்த்து உட்காருங்கள்.

பதிவு இருக்கிறதே?

இன்று பல பல்கலைக்கழகங்களில் விரிவுரைகள் பதிவு செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. பதிவைப் பார்ப்பது நேரில் கேட்பதற்குச் சமமா என்று கேட்டால், பாடத்தை வாங்கிக்கொள்ளும் அளவில் பெரும்பாலும் சமம். சில இடங்களில் மேலும்கூட. புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம். இரட்டிப்பு வேகத்தில் ஓட்டினால் ஒன்றும் மண்டையில் ஏறாது என்று பெரியவர்கள் சொல்வதும் அவ்வளவு சரியில்லை. கலிஃபோர்னியாவில் நடந்த சோதனைகளில், இரு மடங்கு வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை. அதற்கு மேல் போனபோதுதான் சரிந்தது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பதிவுக்கு நேரம் கிடையாது. இன்று பத்து மணிக்கு நடக்காவிட்டால் நாளை பார்க்கலாம், நாளை இல்லாவிட்டால் சனிக்கிழமை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்பது மணி நேரப் பதிவு குவிந்திருக்கும். ஐந்தாம் வகுப்பு நான்காம் வகுப்பின் மேல் நிற்கும், நான்காவது மூன்றாவதன் மேல். எங்கே தொடங்குவது என்றே தெரியாது. கடைசியில் தேர்வுக்கு முந்தின இரண்டு நாளில் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுவார்கள். பார்த்ததெல்லாம் அந்த இரண்டு நாளைக்குப் புரியும். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டு மறுபடி படித்தால் எப்படி நிலைக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து 1885இலேயே எழுதிவிட்டார். தேர்வுக்கு முன் கண்விழிக்கும் வழக்கம் அதனால் சற்றும் குறையவில்லை.

பதிவை, வகுப்புக்குப் போனவர் இரண்டாம் முறை பார்ப்பதற்குப் பயன்படுத்தினால் அது வரம். வகுப்புக்குப் பதிலாக வைத்துக்கொண்டால், வகுப்பின் நேர ஒழுங்கையும் கூடவே நீங்களே செய்துகொள்ள வேண்டும். அது சிலரால் முடியும். பெரும்பாலோரால், குறிப்பாகப் பள்ளியிலிருந்து புதிதாக வந்தவர்களால், முடிவதில்லை.

விரிவுரையே இல்லாத பல்கலைக்கழகம்

விரிவுரை இல்லாமல் பட்டம் பெற முடியுமா? முடியும், லட்சக்கணக்கானோர் பெற்றிருக்கிறார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு, 1971இல் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள், சிறையில் இருப்பவர்கள்கூட அதில் படித்திருக்கிறார்கள். தினமும் போய் உட்கார அரங்கம் கிடையாது.

ஆனால் அங்கே வேறென்ன இருந்தது என்று பாருங்கள். தனியாகப் படிப்பவருக்கென்றே எழுதப்பட்ட பாட அலகுகள் இருந்தன. எந்த வாரம் எதை முடிக்க வேண்டும் என்ற அட்டவணை இருந்தது. குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டிய ஒப்படைப்புகளைத் திருத்தி, கருத்து எழுதி அனுப்பும் ஆசிரியரும் இருந்தார். விரிவுரையை எடுத்துவிட்டு, விரிவுரை செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக வேறு விதத்தில் அமைத்திருந்தார்கள். வகுப்பைக் கைவிட நினைக்கும் மாணவர் பெரும்பாலும் எடுப்பதை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டுவிடுகிறார்.

எனவே, ஒருவர் வகுப்புக்குப் போக வேண்டுமா என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வேறு என்ன செய்வார் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். பத்து மணி வகுப்புக்குப் பதிலாக அதே பத்து மணிக்கு நூலகத்தில் உட்கார்ந்து, அதே பாடத்தின் கணக்குகளைப் போடுகிறவரை எந்த ஆசிரியரும் குறை சொல்ல மாட்டார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பத்து மணிக்கு இன்னும் போர்வைக்குள் இருப்பவர், தானும் அவரைப் போலத்தான் என்று சொல்லிக்கொள்வதில்தான் தொல்லை.

என் யோசனை

முதலாண்டில் எல்லா வகுப்புக்கும் போங்கள். எந்த வகுப்பு உதவும், எது உதவாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய கொஞ்ச காலம் ஆகும். போகாமலே அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. கணிதம், இயற்பியல், நிரலாக்கம், மொழிப்பாடம் என்று முந்தின வகுப்பின் மேல் அடுத்தது ஏறி நிற்கும் பாடங்களில் எந்த ஆண்டானாலும் விடாதீர்கள். ஒவ்வொரு வாரமும் தனித் தலைப்பாக நடக்கும் பாடத்தில் ஒன்று போனால் அந்த ஒன்றுதான் போகும்.

ஒரு பாடத்துக்குப் போகாமல் தானே படிக்கலாம் என்று தோன்றினால், இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள். வார இறுதியில் வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, புத்தகம், குறிப்பு எதையும் திறக்காமல் அந்த வாரத்துப் பாடத்தை எழுதுங்கள். கணக்குப் பாடமானால் புதிய கணக்கு ஒன்றைப் போடுங்கள். பிறகு வகுப்புக்குப் போன நண்பரின் குறிப்போடு ஒப்பிடுங்கள். தாள் பாதிக்கு மேல் நிரம்பி, அவர் குறிப்பில் இருக்கும் முக்கியமான எதுவும் விடுபடவில்லை என்றால் உங்கள் வழி உங்களுக்கு ஒத்துவருகிறது. இல்லையென்றால் மூன்றாம் வாரத்திலேயே திரும்பிவிடலாம். இன்னும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

நோயாலோ வேலையாலோ ஒரு வகுப்பு தவறிவிட்டால், அடுத்த வகுப்புக்கு முன்பே அதைச் சரிக்கட்டுங்கள். முழுப் பதிவையும் பார்க்க நேரமில்லையென்றால் நண்பரின் குறிப்பையும் அந்த நாளைய கணக்குகளையும் மட்டுமாவது பாருங்கள். ஒன்றைத் தவறவிட்டவருக்கு அடுத்தது பாதிதான் புரியும். பாதி புரிந்த வகுப்பு மூன்றாவதுக்குப் போகும் ஆசையைக் கெடுக்கும். நீண்ட காலம் வர முடியாத நிலை என்றால், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேர்வு முடிந்த பிறகு சொன்னால் அவரால் அனுதாபம் மட்டுமே தர முடியும்.

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன்னால் பாடத்திட்டத்தோடு தரும் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் குறிப்பிட்ட சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுதவே விட மாட்டார்கள். சில பாடங்களில் வருகைக்கென்றே அக மதிப்பெண் இருக்கும். வீட்டில் இருந்தபடி பாடம் முழுவதையும் கரைத்துக் குடித்தவரானாலும், தேர்வுக்கூடத்தின் வாசலில் அவரிடம் கேட்கப்படுவது அனுமதிச்சீட்டுதான்.